பண்டகசாலைக் காலனியில் சத்தம் இறங்கிய கதை

நான் பக்கத்துத் தெருக்காரி. பூனை வளர்த்ததும் இல்லை, பூனையை விட்டதும் இல்லை. அதனால் வாய் கூசாமல் சொல்லிவிடலாம் என்று உட்கார்ந்தால், சொல்ல வரும்போது எனக்கே கூசுகிறது, என்ன செய்ய. பாலத்துக்கு இந்தப் பக்கம் அரிசி மூட்டை அடுக்குகிற பழைய பண்டகசாலை, அதன் முதுகோடு ஒட்டிய ஓட்டு வீட்டு வரிசைகள், அதுதான் பண்டகசாலைக் காலனி. பாலத்துக்கு அந்தப் பக்கம் மீன் சந்தை. அரிசி இருந்ததால் எலி வந்தது, எலி வந்ததால் பூனை வந்தது, பூனை வந்ததால் குட்டி வந்தது, குட்டி வந்தால் என்ன செய்வது என்று காலனியில் யாரும் மண்டையைப் போட்டு உடைத்துக்கொள்ளவில்லை, ஏனென்றால் அதற்கு அவர்களிடம் ஒரு வழக்கம் இருந்தது.

கண் திறந்த குட்டிகளை, தாய் இரை தேடப் போன நேரம் பார்த்து, கல்யாண வீட்டில் தேங்காய் போட்டுக் கொடுக்கிற தாம்பூலப் பையில் போட்டு, மேலே ஒரு கந்தலை மூடி, பாலம் தாண்டிப் போய் மீன் சந்தை ஓரமாக வைத்து, "மீன் கெடக்க எடம், பொழச்சுக்கோங்க" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வந்துவிடவேண்டும். சாக்கில் கட்டி விட்டால்தான் பாவம். மணமக்கள் பெயர் அச்சடித்த மங்கலமான பையில் வைத்தால் பாவம் கிடையாது. விட்டுவிட்டேன் என்றும் சொல்லக் கூடாது, கட்டிக் கொடுத்துவிட்டேன் என்றுதான் சொல்லவேண்டும். "எல்லாத்தையும் கட்டிக் குடுத்தாச்சா மயினி" என்று ஒருத்தி கேட்பாள், "ஆச்சு, எல்லாத்துக்கும் ஒரே மாமியா வீடு" என்று இன்னொருத்தி சொல்வாள், குழாயடியே சிரிக்கும். நானும் எத்தனையோ தரம் அந்தச் சிரிப்பைக் கேட்டிருக்கிறேன்.

காலனி முக்கில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறவள் ரெஜினா. முப்பத்தைந்து வயது இருக்கும், சட்டென்று கோபம் வரும், எதையும் இனிக்க இனிக்கச் சொல்லத் தெரியாது. பாலத்துக்கு அந்தப் பக்கம் மூடிக் கிடந்த ஐஸ் கம்பெனிக் கொட்டகையை இரண்டு சிநேகிதிகளோடு சேர்ந்து வாடகைக்குப் பிடித்து, அடிபட்ட பூனை, நாய், இறக்கை ஒடிந்த காகம் என்று வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கம்பிக் கூடுகளில் சாளை மீன் வைத்துக் காலனிப் பூனைகளைப் பிடித்து, கால்நடை டாக்டரிடம் கொண்டுபோய்க் கருத்தடை ஆபரேஷன் செய்து, புண் ஆறியதும் பிடித்த இடத்திலேயே திரும்ப விடத் தொடங்கினாள். ஆபரேஷன் ஆன பூனைக்கு இடது காது நுனியைக் கொஞ்சம் வெட்டியிருப்பார்கள். அதே பூனையை மறுபடி பிடித்து வீணாக வயிற்றைக் கிழித்துவிடக் கூடாது என்பதற்கு அந்த அடையாளம். இதை அவள் வீடு வீடாகச் சொன்னாள். யார் காதில் ஏறியது? காலனிக்குத் தெரிந்ததெல்லாம், பூனை காதோடு போகிறது, மூளியாக வருகிறது என்பதுதான்.

"வெள்ளிக்கெழம காலைல கதவத் தொறந்தா மூளிப் பூன முழிக்கி. குடும்பம் வெளங்குமா?" என்று முதலில் வாயைத் திறந்தது பிரம்மசக்தி. அம்மன் கோயில் கொடைத் திருவிழாவுக்கு முளைப்பாரி எடுப்பதில் அவள்தான் முதல் ஆள், அவள் ஒரு வார்த்தை சொன்னால் காலனிப் பெண்கள் பின்னால் நிற்பார்கள். "வயித்த அடைக்கது மகா பாவம், அது எந்த உயிரா இருந்தாலும்" என்றாள். அவள் புருஷன் தவசிமுத்து, உப்பு லாரி ஓட்டுகிறவர், "நமக்கு என்னத்துக்குட்டி ஊர் வம்பு" என்றார். அவள் கேட்கவில்லை. பெண்கள் ஏழெட்டுப் பேரைக் கூட்டிக்கொண்டு போய், ரெஜினாவின் கூடுகளைத் தூக்கி ஓடைக்குள் எறிந்தாள். ஒரு கூட்டுக்குள் மூன்று நிறப் பூனை ஒன்று மாட்டியிருந்தது. அதன் கதவைத் திறந்துவிட்டு, "போ தாயி, நல்லாப் பெத்துப் பெருகு" என்று வாழ்த்தி வேறு அனுப்பினாள்.

அந்தத் தாயி நன்றியோடு வந்து பிரம்மசக்தி வீட்டுப் பரணிலேயே நான்கு குட்டி போட்டது. அந்த வருஷம் காலனியில் குட்டி போடாத பரண் இல்லை. பாலத்தில் காலையும் மாலையும் தாம்பூலப் பைகள் போயின. பிரம்மசக்தியும் தன் மகள் கல்யாணத்தில் மிஞ்சிய பையை எடுத்து, மகள் பெயரும் மருமகன் பெயரும் வெளியே தெரிய, நான்கையும் கட்டிக் கொடுத்துவிட்டு வந்தாள். தாய்ப் பூனை பரணுக்கும் வாசலுக்குமாக அலைந்து கத்தியது. அவள் விளக்குமாற்றை எடுத்துக் காட்டினாள்.

அதற்குப் பிறகுதான், ரேஷன் கடை வரிசையில் மண்ணெண்ணெய்க்கு நின்றுகொண்டிருந்த எதிர்வீட்டு இசக்கியம்மாளின் நெஞ்சுக்குள்ளிருந்து ஒரு பூனைக்குட்டி கத்தியது. வாய் மூடித்தான் இருந்தது. சத்தம் ஜாக்கெட்டுக்கு உள்ளேயிருந்து, விலா எலும்புக்குப் பின்னாலிருந்து, பசியெடுத்த குட்டி கத்துகிற அதே கத்தலாக வந்தது. பின்னால் நின்றவள் கீழே குனிந்து பூனையைத் தேடினாள். தேடிக்கொண்டிருக்கும்போதே அவள் நெஞ்சிலும் இரண்டு கத்தின. வெயில் சாய்வதற்குள் காலனி பூராவும் கேட்க ஆரம்பித்துவிட்டது. பெண்களுக்குத்தான் என்று ஆண்கள் நக்கலடித்துக்கொண்டிருக்கும்போது சைக்கிளில் பை கொண்டுபோன ஆண்களுக்கும் வந்தது. பிரம்மசக்திக்கு நான்கு: ஒன்று தடித்த குரல், ஒன்று கீச்சுக் குரல், ஒன்று விட்டு விட்டுக் கத்துவது, ஒன்று ஓயாமல் கத்துவது. அந்த வருஷம் அனுப்பியவர்களுக்கு மட்டும்தான் இருந்தது. முந்தின வருஷங்களில் அனுப்பியதெல்லாம் ஏன் கத்தவில்லை என்று அப்போது யாரும் கேட்கவில்லை.

ஆச்சரியப்பட்டார்களா என்றால், இல்லை, வெட்கப்பட்டார்கள். ஆஸ்பத்திரி டாக்டர் குழாயை வைத்துக் கேட்டுவிட்டு, குட்டிதான் என்று சொல்லி, எதற்கும் இருக்கட்டும் என்று கேஸ் மாத்திரை எழுதினார். பெண்கள் முந்தானையை இரண்டு சுற்று சுற்றிக்கொண்டார்கள், ஆண்கள் இல்லாத இருமலை இருமினார்கள், டி.வி. சத்தம் தெருமுனை வரை கேட்டது. பால் குடித்தால் கொஞ்ச நேரம் அடங்குகிறது என்று ஒருத்தி கண்டுபிடித்ததும் பால்காரர் ஒரு நடைக்கு இரண்டு நடை வந்தார். பெண் பார்க்க வருகிறவர்கள், சொந்தத்தில் யாருக்காவது சத்தம் உண்டா என்று தரகரிடம் காதோடு காதாகக் கேட்டுவிட்டுத்தான் வண்டி ஏறினார்கள். எல்லார் நெஞ்சிலும் கத்துகிறது, எல்லாரும் எல்லாருடையதையும் கேட்கிறார்கள், ஆனால் ஒருத்தரும் கேட்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை. பூனை என்ற வார்த்தையே காலனியில் இல்லாமல் போயிற்று.

அம்மன் கோயில் பூசாரி சுடலையாண்டிக்குத்தான் ஆக உரத்த சத்தம். தீபாராதனை மணியையும் மீறிக் கேட்கும். அவர் யோசித்து யோசித்து, இது ஒரு வகை அம்மை என்றார். அப்பாடா என்றிருந்தது காலனிக்கு, ஏனென்றால் அம்மை என்றால் என்ன செய்யவேண்டும் என்று எல்லாருக்கும் தெரியும். வாசலில் வேப்பிலை செருகினார்கள். தாளிப்பதை நிறுத்தினார்கள். கவிச்சியை நிறுத்தினார்கள். யாருக்குச் சத்தம் நிற்கிறதோ அவர்களுக்கு மஞ்சளும் வேப்பிலையும் போட்ட தண்ணீரைத் தலைக்கு ஊற்றி, அம்மனுக்குச் சர்க்கரைப் பொங்கல் வைத்து ஊருக்குக் கொடுக்கவேண்டும் என்று முடிவாயிற்று.

முதலில் பூசாரிக்கே நின்றது. "ஆத்தா இறங்கிட்டா" என்று அவர் கையெடுத்துக் கும்பிட, குலவை போட்டார்கள். அடுத்து இசக்கியம்மாளுக்கு நின்றது. அவளுக்கு இருந்ததே ஒரு குட்டிச் சத்தம்தான், அதுவும் சன்னமாகித் தேய்ந்து ஒருநாள் விடியும்போது இல்லை; அவள் ஓடி வந்து பிரம்மசக்தியின் கையைப் பிடித்துக்கொண்டு, "நின்னுட்டு மயினி, எனக்கு நின்னுட்டு" என்று சின்னப் பிள்ளை மாதிரி குதித்தாள். முந்திரியும் நெய்யும் தாராளமாகப் போட்டு அவள் வைத்த பொங்கலைக் காலனியே வாங்கித் தின்றது. பிறகு ஒவ்வொரு வீடாக ஈரத்தலையும் பொங்கல் பானையுமாக ஆயிற்று. பிரம்மசக்திக்கும் தடித்த குரல் நின்றது, அடுத்தாற்போல் விட்டு விட்டுக் கத்தியதும் நின்றது. மிச்சம் இரண்டு. அதுவும் நின்றால் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு மகள் வீட்டுக்கு ஒரு நடை போய்வரலாம் என்றிருந்தாள். மகள் வீட்டுக்குப் போய் வாரக்கணக்காகிறது, சம்பந்தியம்மா முன்னால் நெஞ்சு கத்தினால் மூஞ்சியை எங்கே வைத்துக்கொள்வது.

தவசிமுத்து லாரியிலிருந்து வந்தவர், வேப்பிலையும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம், எனக்கு ஒரு மீன் குழம்பு வை என்று சண்டை பிடித்ததால், ஒரு காலையில் அவள் பாலம் தாண்டிச் சந்தைக்குப் போனாள். பாலத்தில் ஏறும்போதே நெஞ்சுக்குள் சத்தம் கூடியது. சந்தையை நெருங்க நெருங்க விலாவைப் பிறாண்டுகிற மாதிரி கத்தின. ஐஸ் உடைக்கிற இடத்துக்குப் பின்னால், கழிவுத் தண்ணீர் ஓடுகிற வாய்க்கால் ஓரத்தில், சேற்றில் அமிழ்ந்து கிடந்தது ஒரு தாம்பூலப் பை. மகள் பெயரில் பாதி தெரிந்தது. பக்கத்தில் இரண்டு குட்டிகள் செத்து உப்பிக் கிடந்தன. மூன்றாவது கொஞ்சம் தள்ளிப் படுத்திருந்தது. அதற்கு உயிர் இருந்தது, வயிறு ஏறி இறங்கியது, வாயைத் திறந்தது. திறந்த வாயிலிருந்து சத்தம் வரவில்லை. பிரம்மசக்தியின் நெஞ்சிலிருந்து வந்தது, கீச்சென்று.

குனிந்தால் எடுத்துவிடலாம். முந்தானையில் சுற்றிக்கொண்டால் போதும். அவள் குனியப் போனாள், அந்நேரம் பார்த்து இசக்கியம்மாளும் இன்னும் இரண்டு பேரும், தலைக்கு ஊற்றிய தெம்போடு, பூ வைத்துக்கொண்டு, சிரித்துப் பேசியபடி ஐஸ் உடைக்கிற இடத்துப் பக்கமாக வந்துகொண்டிருந்தார்கள். மகள் பெயர் போட்ட பை அங்கே கிடக்கிறது. பிரம்மசக்திக்கு மூஞ்சி சுண்டிப்போயிற்று. அவள் திரும்பி நின்று, பக்கத்துக் கூடைக்காரியிடம், "சாளை எப்படிம்மா" என்று கேட்டாள். விலை கூடுதல் என்றாள். இது நேற்றைய மீன் என்றாள். செவுளைத் தூக்கிப் பார்த்தாள். இசக்கியம்மாள், "என்ன மயினி, கவிச்சியா" என்று கிண்டலடித்துவிட்டுக் கடந்து போகிற வரைக்கும் அவள் செவுளைத் தூக்கிப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அப்போதுதான் நெஞ்சுக்குள் கீச்சுக் குரல் பாதியில் நின்றது. திரும்பிப் பார்த்தாள். அதன் வயிறு அசையவில்லை.

சத்தம் இறங்குவது என்றால் என்ன என்று காலனியில் முதலில் தெரிந்துகொண்டவள் அவள்தான். தெரிந்துகொண்டு என்ன செய்தாள்? மீன் வாங்காமல் வீட்டுக்கு வந்தாள். பெண்கள் கூடியிருந்தார்கள், அவள் நெஞ்சில் காதை வைத்து, "மயினிக்கு மூணு நின்னுட்டு, நாலாவது எம்மாத்திரம், இப்பமே தண்ணி ஊத்திருவோம்" என்று உட்காரவைத்து மஞ்சள் தண்ணீரைத் தலையில் ஊற்றினார்கள். அவள் வாயைத் திறக்கவில்லை. சொன்னால் நீ ஏன் எடுக்கவில்லை என்று கேட்பார்களே. குளிர்ந்த தண்ணீர் இறங்க இறங்க நெஞ்சுக்குள் கடைசிக் குட்டி பயந்து வீறிட்டது. இன்னும் ஒரு குடம் ஊற்று, நின்றுவிடும் என்றாள் ஒருத்தி. போதும் என்று பிரம்மசக்தி எழுந்து, ஈரச் சேலையோடு, யாரையும் பார்க்காமல் தெருவில் இறங்கி நடந்தாள்.

ஜெராக்ஸ் கடையில் ரெஜினா மட்டும் இருந்தாள். சொட்டச் சொட்ட வந்து நின்றவளைப் பார்த்து, "என்னக்கா, கூடு இன்னும் ரெண்டு ஓடையில எறியாம கெடக்கே, எடுத்துட்டுப் போக வந்தியளா" என்றாள்.

"ஒண்ணு உசுரோட கெடக்கு ரெஜினா. எங்க கெடக்குன்னு தெரியல."

"எது?"

பிரம்மசக்தி தன் நெஞ்சைக் காட்டினாள். அது கத்திக்கொண்டிருந்தது. சந்தையில் பார்த்ததை, சாளைக்கு விலை கேட்டதை, எல்லாவற்றையும் சொன்னாள். ரெஜினா மெஷினை அணைத்துவிட்டு, ஷட்டரை இறக்கிவிட்டு, "ஏறுங்க" என்று ஸ்கூட்டியைக் காட்டினாள்.

தேடவேண்டிய வேலையே இருக்கவில்லை. கொட்டகைக்குள் நுழைந்ததும் பிரம்மசக்தியின் நெஞ்சில் கத்திய குரல் எதிர்மூலைக் கூட்டிலிருந்தும் கேட்டது, ஒரே நேரத்தில், ஒரே குரலாக. ஒரு கண் பொங்கிப்போய், எலும்பும் தோலுமாக ஒரு குட்டி. ஐஸ் பெட்டிக்குக் கீழேயிருந்து எடுத்தது, பக்கத்தில் மூன்று இருந்தன, அதுகளைப் பிடிக்கக் கை போட்டபோது வாய்க்காலுக்குள் ஓடிவிட்டன என்றாள் ரெஜினா. கூட்டைத் திறந்ததும் குட்டி தயங்காமல் வந்து, ஈரச் சேலையைப் பற்றி ஏறி, அவள் நெஞ்சில் காதை வைத்தது. தன் கூடப்பிறந்ததுகள் உள்ளே இருக்கின்றன என்று நினைத்ததோ என்னவோ, காலால் பிறாண்டியது, கத்தியது, காதை வைத்துக் கேட்டது, மறுபடி கத்தியது. உள்ளேயிருந்து அதன் குரல் மட்டும்தான் பதில் சொன்னது. பிரம்மசக்தி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அழுகை கூட வரவில்லை, அவ்வளவு கேவலமாக இருந்தது அவளுக்கு அவளையே.

"அப்பம் இன்னும் யார் யாருக்குக் கத்துதோ, அதெல்லாம் உசுரோட இருக்கு" என்று ரெஜினா மெல்லச் சொன்னாள். "தேடிப் பிடிச்சிரலாம். ஆனா நீங்கதான் போய்ச் சொல்லணும்க்கா. நான் சொன்னா என்னையும் ஓடையிலதான் எறிவாவ."

வெள்ளிக்கிழமை கோயில் முன்னால் ஐந்து வீட்டுப் பொங்கல் பொங்கிக்கொண்டிருந்தது. பிரம்மசக்தி போய் நடுவில் நின்றாள். முளைப்பாரிப் பாட்டுக்கு முதல் குரல் கொடுக்கிற வாய், அன்றைக்கு ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் நடுவில் எச்சில் விழுங்கியது.

"அது அம்மை இல்ல. இறங்கவும் இல்ல. நிக்க அன்னைக்கு அது செத்துப்போவுது. நான் கண்ணால பாத்தேன். எடுக்காம சாளைக்கு வெல கேட்டுக்கிட்டு நின்னேன்."

பானைகள் பொங்கி வழிந்தன, யாரும் விறகை இழுக்கவில்லை. ஈரத்தலையோடு நின்றவர்கள் தலையை முந்தானையால் மூடிக்கொண்டார்கள். முந்தின வருஷத்துக் குட்டிகள் ஏன் கத்தவில்லை என்பது அப்போது ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியாக விளங்கியது. பூசாரி சுடலையாண்டி கோயில் நடையைச் சாத்திவிட்டு உள்ளேயே இருந்துகொண்டார். இன்னும் நெஞ்சில் சத்தம் இருந்தவர்கள்தான் முதலில் நகர்ந்தார்கள்; ஒருத்தி நடந்தாள், அடுத்தவள் ஓடினாள், பிறகு ஆணும் பெண்ணுமாகப் பாலம் நிறைந்துபோயிற்று. சத்தம் எங்கே கூடுகிறதோ அங்கே குனிந்து, படகுக்கு அடியில், வலைக் குவியலுக்குள், லாரி டயருக்குப் பின்னால் தேடினார்கள். சிலருக்குக் கிடைத்தது. சிலருக்குத் தேடிக்கொண்டிருக்கும்போதே நின்றது. அப்படி நின்ற ஒரு மனுஷன் சந்தை நடுவில் செருப்பைக் கழற்றித் தன் தலையில் அடித்துக்கொண்டதை நான் பார்த்தேன்.

பிரம்மசக்தி ஓடையில் இறங்கிக் கூட்டை எடுத்துக் கழுவினாள். பரணுக்கும் வாசலுக்கும் அலைந்துகொண்டிருந்த மூன்று நிறத்தாளை அவளே மீன் வைத்துப் பிடித்தாள். பட்டப்பகலில் கூட்டை இடுப்பில் வைத்துக்கொண்டு தெரு வழியாகவே நடந்து போய், ஷேர் ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு டாக்டரிடம் போனாள். இடது காது நுனி இல்லாமல் திரும்பிவந்த பூனையை வெள்ளிக்கிழமை காலையில் வாசலில் இறக்கிவிட்டாள். யாரும் மூளி என்று சொல்லவில்லை. அடுத்தடுத்து மற்ற வீட்டுப் பூனைகளும் போய்வந்தன. நெஞ்சை அடக்கக் குடிக்க வாங்கிவந்த பாலைக் கொட்டகைக்குக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். ரெஜினா வாங்கிக்கொண்டாள். நல்லது என்று ஒரு வார்த்தை அவள் வாயிலிருந்து வரவில்லை, அவர்களும் எதிர்பார்க்கவில்லை.

கடைசிக் குட்டி பிரம்மசக்தி வீட்டில் ஒற்றைக் கண்ணோடு வளர்கிறது. நெஞ்சுக்குள் அதன் சத்தம் மட்டும் நிற்கவில்லை. பசித்தால் கத்தும், பயந்தால் கத்தும். சம்பந்தியம்மா முன்னால் உட்கார்ந்திருக்கும்போதும் கத்தியது, அவள் முந்தானையை இழுத்து மூடவில்லை. சத்தம் கொஞ்ச நேரம் ஓய்ந்தால், போட்டது போட்டபடி கிடக்க, அடுப்பை அணைத்துவிட்டு அதைத் தேடிப் போய்ப் பார்த்துவிட்டுத்தான் மறு வேலை. எப்போதாவது நின்றுவிடுமோ என்ற பயத்திலேயே அவளுக்குப் பாதி தலை நரைத்துவிட்டது.

ஒருநாள் மத்தியானம், தெருவில் ஆள் இல்லாத நேரம், இசக்கியம்மாள் வந்து வாசலில் நின்றாள். அந்த வெள்ளிக்கிழமைக்குப் பிறகு அவள் குழாயடிக்குக் கூட எல்லாரும் போன பிறகுதான் வருவாள்.

"மயினி, ஒரு தரம் கேட்டுக்கிடட்டா?"

பிரம்மசக்தி அவளை உள்ளே கூட்டிப்போய் உட்கார்ந்தாள். இசக்கியம்மாள் பக்கத்தில் முட்டி போட்டு, அவள் நெஞ்சில் காதை வைத்தாள். உள்ளே அது கத்தியது. இசக்கியம்மாள் நெடுநேரம் தலையை எடுக்கவில்லை. ஜாக்கெட் நனைந்துகொண்டே வந்தது.

"எனக்கும் இப்படித்தான் கத்திச்சு மயினி. அது செத்த அன்னைக்கு நான் முந்திரிப்பருப்பு போட்டுப் பொங்கல் வச்சேன்."

"தெரியும்ட்டி" என்றாள் பிரம்மசக்தி. "நான் ரெண்டாந்தரமும் கேட்டு வாங்கித் தின்னேன்."